உடம்புக்குள் ஒரு கருவி: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பினாங்கு வட்டாரத்திலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: உடம்பில் ஒட்டுவது, தைப்பது, செருகுவது. எட்டுக் கடிதங்களுக்கு இங்கே பதில். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: அப்பாவுக்கு 74 வயது, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. "உயிர் போனாலும் மெஷின் நிற்காதாம், இதயம் துடித்துக்கொண்டே இருக்குமாம், ஆத்மா எப்படிப் பிரியும்?" என்று அத்தை கிளப்பிவிட்டார். அப்பா தூங்குவதில்லை. உண்மையா? (மகன், பட்டர்வொர்த்)

அத்தை சொன்னதில் முதல் பாதி சரி. கருவி நிற்காது. ஆனால் அது இதயத்தைப் பிசைகிற பம்ப் அல்ல. "சுருங்கு" என்று தசைக்கு ஒரு சின்ன மின்துடிப்பு கொடுக்கும், அவ்வளவுதான். சுருங்குவது தசையின் வேலை. ரத்த ஓட்டமும் ஆக்ஸிஜனும் நின்ற பிறகு தசை பதில் சொல்லாது. கருவி கதவைத் தட்டிக்கொண்டிருக்கும், திறக்க உள்ளே ஆள் இருக்காது. அப்பாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

அத்தை கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. தகனம் செய்வதாக இருந்தால் பேஸ்மேக்கரை முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். மூடிய உலோகக் கூட்டுக்குள் லித்தியம் மின்கலம் இருக்கிறது. மின்சுடலையின் வெப்பத்தில் அது வெடிக்கும். உலையின் உட்சுவர் சேதமாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. காரை எலும்புக்குக் கீழே சிறு கீறல் போட்டு, கம்பியை வெட்டி, கருவியை எடுத்துத் தைத்துவிடுவார்கள். பயிற்சி உள்ளவருக்குச் சில நிமிட வேலை. அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. வகை என்றால் முதலில் மருத்துவமனைக் கணினி மூலம் அதை அணைக்க வேண்டும். அணைக்காமல் கம்பியை வெட்டினால் வெட்டுகிறவருக்கே ஷாக் அடிக்கலாம். கருவியோடு கொடுத்த அடையாள அட்டையை அப்பாவின் மைகார்டோடு (அடையாள அட்டை) சேர்த்து வையுங்கள். வீட்டில் இரண்டு பேருக்காவது இது தெரிந்திருக்கட்டும். துக்க வீட்டில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது.

உயிரோடு இருக்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து நெஞ்சு 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். முதுகில் காந்தம் உள்ள கைப்பேசிகளைச் சட்டைப் பையில் போடக் கூடாது, 15 செ.மீ. இடைவெளி வேண்டும், கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ. விமான நிலையத்துச் சோதனை வாசலை நடந்து கடக்கலாம், அங்கே நின்று பேச வேண்டாம். கையில் பிடிக்கும் சோதனைக் கருவியை நெஞ்சின் மேல் வைத்திருக்க விடாதீர்கள்.

அப்பாவுக்குத் தெம்பு வேண்டுமானால் ஆர்னே லார்சன் கதையைச் சொல்லுங்கள். 1958இல் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர். கருவியை வார்க்கக் காலணி பாலிஷ் டப்பாவைத்தான் அச்சாக எடுத்தார்கள். முதல் கருவி சில மணி நேரம்தான் தாங்கியது. அவரோ இருபதுக்கும் மேற்பட்ட பேஸ்மேக்கர்களைத் தேய்த்துவிட்டு 2001இல், 86 வயதில்தான் காலமானார்.

கே: மூளையில் சில்லு வைத்தால் என் மகன் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித்) தேர்வில் 9 'ஏ' எடுப்பானா? (தாயார், பாகான் டாலாம்)

எடுக்க மாட்டான். இப்போதுள்ள மூளைச் சில்லுகள் உள்ளே இருப்பதைப் படிக்கின்றன, உள்ளே பாடத்தை ஏற்றுவதில்லை. அதிலும் அவை படிப்பது பெரும்பாலும் "கையை இப்படி நகர்த்த வேண்டும்" என்பது போன்ற அசைவு எண்ணத்தைத்தான். 2024 ஜனவரியில் நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் தன் முதல் நோயாளிக்கு 1,024 மின்முனைகளை 64 மெல்லிய இழைகளில் பொருத்தியது. மூளை கெட்டித் தயிர் மாதிரி, ஒவ்வொரு துடிப்புக்கும் அசையும். சில வாரங்களில் இழைகளில் பெரும்பாலானவை பின்னுக்கு நழுவிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் சமாளித்தார்கள். கைகால் அசையாத ஒருவர் கணினியில் சதுரங்கம் ஆட அது உதவுகிறது. அது பெரிய காரியம். உங்கள் மகனுக்குக் கைகால் நன்றாக இருக்கிறது. இரவில் 8 மணி நேரம் தூங்கவிடுங்கள். அன்று படித்தது நிலைப்பது தூக்கத்தில்தான்.

கே: எனக்கு இனிப்புநீர் (நீரிழிவு). கையில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சார் போட்டிருக்கிறேன். நடு இரவில் 3.2 (மில்லிமோல்/லிட்டர்) என்று அலறுகிறது, விரலில் குத்திப் பார்த்தால் 5.9. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏற ஆசை. இந்த மெஷினை நம்பலாமா? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

சென்சார் உள்ள பக்கமாகவே படுக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். உடம்பின் பாரம் அழுத்தும்போது அந்த இடத்துத் திசுநீர் விலகி, அளவு பொய்யாக இறங்கும். புரண்டு படுத்தால் சிறிது நேரத்தில் தானாக ஏறிவிடும். அடுத்த முறை மற்றக் கையில் ஒட்டிப் பாருங்கள்.

இந்தச் சென்சார் ரத்தத்தை அளப்பதே இல்லை. தோலுக்கு அடியில் ஏறக்குறைய அரை செ.மீ. நுழைந்திருக்கும் இழை, திசுநீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. அது ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கி வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது பெரிய வித்தியாசம் இல்லை. வெறும் வயிற்றில் 513 படி ஏறும்போது பெரிய வித்தியாசம்: திரை 5.0 காட்டும் நேரத்தில் ரத்தத்தில் 4.0 ஆகியிருக்கலாம். எண்ணைவிட அதன் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். நேராகக் கீழே நோக்கினால் நில்லுங்கள். இன்னொன்று, வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் சில வகைச் சென்சார்கள் அளவைக் கூட்டிக் காட்டும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் 1,000 மில்லிகிராம் மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

புதுச் சென்சாரைத் தைப்பூசத்தன்று ஒட்டாதீர்கள். முதல் நாள் அது தடுமாறும். இரண்டு நாள் முன்பே போட்டுவிடுங்கள். மேற்கையின் பின்புறத்தை வாசனையில்லாத சோப்பால் கழுவி, துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். எண்ணெய், பவுடர், மஞ்சள் தண்ணீர் மூன்றும் பசைக்கு எதிரி. மேலே ஒரு சுற்று ஒட்டுநாடா போடுங்கள். கைப்பேசியைக் கூட வரும் அண்ணியின் பையில் போடாதீர்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், புளூடூத் அலையை விழுங்கிவிடும்; கூட்டத்தில் நாலு பேர் குறுக்கே வந்தால் தொடர்பு போய்விடும். சென்சார் உள்ள பக்கத்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

3.9க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியை, ஏறக்குறைய 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள், சென்சாரில் அல்ல. இன்சுலினோ கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் விரதத்துக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றிக் கேட்க வேண்டும். குடத்துப் பால் முருகனுக்கு. உங்கள் இடுப்பில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும்.

(இந்த வகைச் சென்சார் செய்யும் டெக்ஸ்காம் தொழிற்சாலை ஒன்று பத்து காவானில் இருக்கிறது. இரண்டாம் பாலத்தைத் தாண்டினால் போதும்.)

கே: பேரனுக்கு 14 மாதம். இரண்டு காதும் கேட்கவில்லை. காக்ளியர் கருவி வைக்கச் சொல்கிறார்கள். "ஐந்து வயது வரை பொறு, தலையைத் துளைக்காதே" என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். அந்தக் கருவியில் வருவது மெஷின் சத்தம்தானே, அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத் தமிழ் வருமா? (தாத்தா, பிறை)

பொறுக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் காத்திருப்பதுதான் ஆபத்து. ஒலியைப் பிரித்தறியும் மூளைப் பகுதி, ஒலியே வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடும். மூன்றரை வயதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்த பிள்ளைகளின் மூளை, கேட்கும் பிள்ளைகளின் மூளையைப் போலவே பழகுகிறது. ஏழு வயதைத் தாண்டினால் பெரும்பாலும் முடிவதில்லை. ஐந்து வயது என்பது பாதிக் கதவு மூடிய நேரம்.

கருவி இரண்டு பகுதி. காதுக்குப் பின்னால் மாட்டுவது ஒலிவாங்கியும் செயலியும். தோலுக்கு அடியில் வைப்பது ஏற்பியும், நத்தை ஓட்டைப் போன்ற உட்காதுக்குள் செல்லும் மின்முனைச் சரமும். காந்தம் இரண்டையும் தோலின் இருபுறமும் பிடித்துக்கொள்ளும். காதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்மயிர்ச் செல்கள் ஏறக்குறைய 3,500. மின்முனைகளோ, தயாரிப்பைப் பொறுத்து, 12 முதல் 22 வரை. வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் பேச்சு புரியும், நாதஸ்வரம் அவ்வளவு சுகமாக இருக்காது. ஆனால் 'மெஷின் சத்தம்' என்பது கேட்டுப் பழகிவிட்டு பிறகு கேள்வி இழந்த பெரியவர்கள் சொல்வது. உங்கள் பேரனுக்கு ஒப்பிட வேறு சத்தம் கிடையாது. பாட்டியின் குரல் அவனுக்கு அப்படித்தான் இருக்கும், அதுதான் பாட்டியின் குரல்.

நடைமுறை இது. செவிநரம்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்; நரம்பே இல்லையென்றால் இந்தக் கருவி பயன்படாது. சில மாதம் சாதாரணக் காதுக்கருவி போட்டுப் பார்ப்பார்கள். மூளைக்காய்ச்சல் ஆபத்தைக் குறைக்க நிமோகாக்கல் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு உடனே கேட்காது. காயம் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுத்தான் கருவியை 'திறப்பார்கள்'. அன்று பிள்ளை சிரிப்பதைக் காணொலியில் பார்த்திருப்பீர்கள். அழுகிற பிள்ளைகளும் நிறைய. பயப்பட வேண்டாம். பிறகு ஒவ்வொரு மின்முனைக்கும் மெல்லிய அளவு, தாங்கும் அளவு இரண்டையும் குறித்து 'மேப்' போடுவார்கள். முதல் ஆண்டில் பலமுறை மாற்றுவார்கள்.

வீட்டுக்கு ஒரு வேலை உண்டு. தினமும் காலையில், வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து ஆறு ஒலிகளைச் சொல்லுங்கள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். ஒவ்வொன்றுக்கும் பிள்ளை ஒரு கட்டையைக் கூடையில் போட வேண்டும். நேற்று வரை கேட்ட ஷ், ஸ் இரண்டும் இன்று திடீரென்று கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் பழுது பிள்ளையிடம் இல்லை, ஒலிவாங்கியின் மூடியில் வியர்வை அடைத்திருக்கும். மூடியை மாற்றுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, இரவில் செயலியை உலர்பெட்டியில் வைப்பது கட்டாயம். துளை உள்ள துத்தநாக மின்கலத்தை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள், உலர்ந்தால் கெட்டுவிடும்.

தமிழ் வருமா என்றால், வரும். வீட்டில் சரளமாக என்ன பேசுகிறீர்களோ அதையே பேசுங்கள். 'ஒரே மொழி போதும், ஆங்கிலம் மட்டும் பேசு' என்ற பழைய அறிவுரைக்குப் பணிய வேண்டாம். கல் – கால் போன்ற குறில் நெடில் சீக்கிரம் பிடிபடும், ஏனென்றால் அது நேரக் கணக்கு. ல, ள, ழ தாமதமாகும். கேட்கும் பிள்ளைகளுக்கே தாமதம்தானே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1954 முதல் பினாங்கில் செவிப்புலன் இழந்தோர் பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளைகளிடையே உருவானதுதான் பினாங்கு சைகை மொழி. கருவி இல்லாமலே அங்கே படித்து, வேலை பார்த்து, குடும்பம் நடத்துபவர்கள் குறைபட்ட மனிதர்கள் அல்ல. பேரன் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கருவியைக் கழற்றுவான். அந்த நேரம் அவன் செவிடன்தான். சைகையும் சொல்லிக்கொடுங்கள். இரண்டும் ஒன்றை ஒன்று கெடுக்காது.

கே: கருவி செய்த கம்பெனி மூடிவிட்டால்? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம், பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் 60 மின்முனைகள் வைக்கும் ஆர்கஸ் 2 கருவியைச் செய்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். நிறுவனம் அதைக் கைவிட்டு, 2020இல் திவாலாகும் நிலைக்குப் போனது. வெளியே மாட்டும் கண்ணாடியோ கம்பியோ பழுதானால் மாற்ற ஆள் இல்லாமல் போனது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய நோயாளிக்கு, எடுக்கலாமா என்று சொல்லக்கூட அந்தப் பக்கம் யாரும் இருக்கவில்லை.

'இதை வைத்தால் நான் மனிதனா, எந்திரமா?' என்று கேட்கிறவர்கள் அதிகம். எங்களுக்கு அது இரண்டாம் கேள்விதான். கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை: உதிரிப் பாகம் எத்தனை ஆண்டுக்கு உறுதி, எழுத்தில் தருவீர்களா? வேறு மருத்துவமனை மருத்துவரால் இதைத் திருத்தி அமைக்க முடியுமா? எந்த வலிமை வரை எம்.ஆர்.ஐ. எடுக்கலாம்? எடுத்துவிட வேண்டி வந்தால் செலவு யாருடையது, எடுத்த பிறகு உறுப்பு பழைய நிலைக்கு வருமா? பதிவாகும் தகவல் யாருக்குப் போகிறது? மலேசியாவில் மருத்துவக் கருவிகள் 2012ஆம் ஆண்டின் 737ஆவது சட்டப்படி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: கையில் என்.எஃப்.சி. சில்லு (அருகே கொண்டுபோனால் கம்பியில்லாமல் படிக்கப்படும் சில்லு) வைத்துக்கொண்டால் அடுக்குமாடிக் கதவு, டச் அண்ட் கோ கட்டண அட்டை, எல்லாவற்றுக்கும் கையைக் காட்டினால் போதுமா? (தொழில்நுட்பர், பாயான் லெப்பாஸ்)

டச் அண்ட் கோவை மறந்துவிடுங்கள். அந்த அட்டைக்குள் இருப்பது வெறும் எண் அல்ல, பூட்டிய ரகசியச் சாவி. உங்கள் சில்லுக்கு அதை மாற்ற வழியில்லை.

கதவுக்கு முடியலாம். முதலில் வீட்டு அட்டையை உங்கள் கைப்பேசியின் முதுகில் வையுங்கள். கைப்பேசி சத்தம் போட்டால் அட்டை 13.56 மெகாஹெர்ட்ஸ். சும்மா இருந்தால் பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ், என்.எஃப்.சி. சில்லு அங்கே ஊமை. பிறகு கட்டட நிர்வாகம் உங்கள் சில்லின் எண்ணைப் பதிவு செய்யச் சம்மதிக்க வேண்டும். அதுதான் மிகக் கடினமான கட்டம்.

வழக்கமான சில்லு 2 மி.மீ. தடிப்பு, 12 மி.மீ. நீளக் கண்ணாடிக் குமிழ். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தடித்த ஊசியால் தோலுக்கு அடியில் போடுவார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: உள்ளே உள்ள கம்பிச்சுருள் மிகச் சிறியது, படிக்கும் தூரம் ஒரு செ.மீ.கூட இருக்காது. வாசிப்பான் பெட்டியின் நடுவில் கையை வைத்தால் ஒன்றும் நடக்காது. பெட்டிக்குள் ஓடும் கம்பிச் சுற்று ஓரத்தில் இருக்கும். அந்த ஓரத்துக்குக் குறுக்காகக் குமிழ் வரும்படி வைத்தால்தான் படிக்கும். மழையில் குடையோடு, சாமான் பையோடு நிற்கும்போது இதைச் செய்து பாருங்கள். இன்னொரு பொறி: சில செயலிகளில் 'படிக்க மட்டும்' என்ற பொத்தான் இருக்கும். தெரியாமல் அழுத்தினால் சில்லு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், பிறகு கத்தி வைத்துத்தான் மாற்ற வேண்டும்.

1998இல் முதன்முதலாக இதைச் செய்து பார்த்த பிரிட்டிஷ் பேராசிரியர் கெவின் வார்விக், ஒன்பது நாளில் எடுத்துவிட்டார். அதே வேலையைச் செய்யும் மோதிரம் கடையில் கிடைக்கிறது. கழற்ற முடியும் என்பதே அதன் மதிப்பு.

கே: எத்தனை பாகம் மாற்றினால் மனிதன் மனிதனாக இல்லாமல் போவான்? (மாணவர், சுங்கை நிபோங்)

ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள்: பால்வெட்டும் கத்திக்குப் பிடி இரண்டு முறை, அலகு மூன்று முறை மாற்றியிருப்பார்கள், அது தாத்தாவின் கத்தியாகவே இருக்கும். உங்கள் பாட்டிக்குக் கண்புரை அறுவை ஆகியிருந்தால் வீட்டிலேயே பாதி எந்திரம் இருக்கிறது. அந்தச் செயற்கை வில்லை 1949இல் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி முதலில் வைத்தது. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடிச் சில்லு, அதாவது அக்ரிலிக் பிளாஸ்டிக், புண்ணாகாமல் அப்படியே கிடந்ததைப் பார்த்துப் பிறந்த யோசனை. எண்ணிக்கையில் விடை கிடைக்காது, தம்பி. பாட்டி அந்தக் கண்ணால் யாரைத் தேடுகிறார் என்று பாருங்கள்.

கே: அம்மாவுக்கு இயக்கு நரம்பணு நோய் (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்லச் செயலிழக்கும் நோய்). பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. குரலைச் சேமித்து வைத்தால் பிறகு கணினி அம்மா குரலில் பேசுமாம். அம்மா இல்லாத காலத்திலும் அதோடு பேசலாம் என்கிறார் தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. (மகள், தஞ்சோங் பூங்கா)

இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா இருக்கும்போது, அவர் சொல்ல நினைப்பதை அவர் குரலில் கணினி சொல்வது, அம்மாவின் பேச்சு. அதை இன்றே தொடங்குங்கள், அடுத்த மாதம் குரல் இன்னும் குழறும்.

வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், அது ஒலியைச் சுருக்கிவிடும். பதிவுச் செயலியில் 'வேவ்', 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். படுக்கையறை நல்லது, மெத்தையும் துணி அலமாரியும் எதிரொலியைக் குடித்துவிடும். விசிறி, ஏர்கான் இரண்டையும் அணையுங்கள். கைப்பேசி வாய்க்கு நேரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில், ஒரு சாண் தூரத்தில். இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். காலையில் பத்து நிமிடம், பிறகு ஓய்வு.

எதைப் பேசச் சொல்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நாளிதழை வாசிக்கச் சொன்னால், வெளியே வருவது அம்மாவாக இருக்காது, வானொலிச் செய்தியாக இருக்கும். பாசாருக்குப் போய் என்ன வாங்க வேண்டும், சோறு தாப்பாவ் (பொட்டலம்) பண்ணியாச்சா, ஏன் இவ்வளவு லேட் என்று வீட்டில் பேசுகிறபடியே பேசட்டும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கூப்பிடும் விதத்தைத் தனித்தனியாகப் பதியுங்கள். திட்டுவதையும் சிரிப்பதையும் பதியுங்கள். அவற்றைக் கணினி சரியாகச் செய்வதில்லை.

தம்பி சொல்வது வேறு. அம்மா போன பிறகு கணினி உண்டாக்கும் வாக்கியம், அம்மா சொல்லாதது. வேண்டுமா, வேண்டாமா என்பதை அம்மாவிடமே கேளுங்கள். பதிலையும் பதிந்துகொள்ளுங்கள், யார் பயன்படுத்தலாம், எதுவரைக்கும் என்று அவர் வாயாலேயே. வேண்டாம் என்றால் அங்கே முடிந்தது. சரி என்றால் கணினியில் இரண்டு கோப்புறை வையுங்கள்: ஒன்றுக்கு 'அம்மா பேசியது', மற்றதற்கு 'மெஷின் பேசியது' என்று பெயர் இடுங்கள். முதலாவதை வெளிவட்டு இரண்டில் நகல் எடுத்து, ஒன்றைத் தம்பி வீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.